தட்டைப் பார்த்தோம், தூக்கத்தைக் கேட்கவில்லை: ஒரு விசைத்தறித் தொழிலாளியின் 15 மாதங்கள்

ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் தொற்றா நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். பிபி, சுகர் பார்ப்பது, டாக்டர் எழுதிய மாத்திரையைக் கொடுப்பது, வராதவர்களைக் கூப்பிட்டுக் கேட்பது, சாப்பாடு, நடை, புகையிலை பற்றிப் பேசுவது, இதுதான் என் தினசரி வேலை. இதில் கடைசி வேலையை நான் சரியாகச் செய்வதாகத்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஒருவர் விஷயத்தில் ஐந்து மாதம் தவறான இடத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தோம். அதனால்தான் எழுதுகிறேன். அவரிடமும் அவர் மனைவியிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயரும் ஊரும் கிடையாது.

பின்னணி

காவிரிக்கரையில், ஈரோடு நாமக்கல் பக்கம், தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும் ஊர்களில் ஒன்று. இவருக்கு 43 வயது. 19 வயதிலிருந்து விசைத்தறி ஓட்டுகிறார். காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி ஒரு வாரம், இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணி அடுத்த வாரம் என்று மாறி மாறி வரும் 12 மணி நேர ஷிப்ட். ஓட்டிய மீட்டருக்குத்தான் கூலி. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. பட்டறை உரிமையாளரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார், பிள்ளையின் படிப்புக்காக. மனைவியும் அதே பட்டறையில் தார் போடுகிறார், அதாவது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற நூலைச் சுற்றிக் கொடுக்கிறார். இரண்டு பிள்ளைகள். அப்பாவுக்கு சுகர் இருந்தது, கடைசிக் காலத்தில் கால் விரல் இரண்டை எடுத்தார்கள். அம்மாவுக்கு பிபி.

எங்கள் பகுதியில் இது அரிதான குடும்பம் இல்லை. 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘ஐசிஎம்ஆர்-இண்டியாப்’ (ICMR-INDIAB) ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவும், இன்னும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாகச் சொன்னது. அந்த முந்தைய நிலையில் இருப்பவர்களைத்தான் நாங்கள் பிடித்து நிறுத்த வேண்டும், ஆனால் அவர்களுக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியாது. தெரியாததால் வரமாட்டார்கள். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசின் திட்டம் தொடங்கிய பிறகு தன்னார்வலர் அக்காக்கள் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார்கள். ஆனால் தறி ஓட்டுகிறவர் பகலில் பட்டறையில் இருப்பார், இல்லையென்றால் வீட்டில் தூங்குவார். அதனால் எங்கள் தன்னார்வலர் அக்கா பட்டறைக்கே போய்ப் பார்க்கலாம் என்றார். 2023 ஆகஸ்டில் ஒரு மாலை, ஷிப்ட் மாறும் நேரத்தில், பட்டறை வாசலில் வேப்பமரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்தோம். உள்ளே பேச முடியாது, தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் சொல்வதும் கேட்காது.

முதல் நாள் பார்த்தவை

பிபி 148/94. விரல் நுனி சுகர் 178, சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. உயரம் 164 செ.மீ., எடை 74 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் கணக்கு) 27.5. இடுப்புச் சுற்றளவு 97 செ.மீ. நம் உடல்வாகுக்கு பிஎம்ஐ 23க்கு மேலேயே கூடுதல், ஆணுக்கு இடுப்பு 90க்கு மேல் போனால் வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்கிறோம். பார்ப்பதற்கு அவர் குண்டு இல்லை. கை காலெல்லாம் மெலிவு, வயிறு மட்டும் முன்னே தள்ளியிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள், “இவருக்கெல்லாம் என்னங்க சிஸ்டர் சுகர் வரும், நாள் பூரா நின்னுட்டே இருக்கிற ஆளு” என்றார்கள்.

அடுத்த வாரம் வெறும் வயிற்றில் வரச் சொன்னோம். வெறும் வயிற்றில் 114. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 176. வெளியே ஒரு லேபில் பார்த்த ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாத சராசரி சர்க்கரை, 6.2. மூன்றுமே நீரிழிவுக்கு முந்தைய நிலைக்குள் வருகிற எண்கள் (6.5 தொட்டால் நீரிழிவு). பிபி இரண்டாவது முறையும் 146/92. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. அது அன்றைக்கு விட்டுப்போன ஒன்று, பின்னால் சொல்கிறேன்.

முதலில் எடுத்த முடிவுகள்

டாக்டர் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தார். இரண்டு வேறு வேறு நாளில் 140/90க்கு மேல் இருந்ததால் பிபிக்கு காத்திருக்க வேண்டாம், அம்லோடிபின் 5 மி.கி. உடனே தொடங்கலாம் என்றார். சுகருக்கு மாத்திரை இப்போது வேண்டாம், பழக்கத்தை மாற்றிப் பார்ப்போம், மூன்று மாதத்தில் மறுபடி சோதிப்போம் என்றார்.

இதற்குக் காரணம் இருக்கிறது. நம் சென்னையிலேயே இதைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் இவரைப் போன்ற நிலையில் இருந்த 531 பேரைச் சேர்த்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் உடலுழைப்பையும் தொடர்ந்து கவனித்து மாற்றியவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை மட்டும் எடுத்தவர்களிலும் ஏறத்தாழ அதே அளவுதான். பழக்கத்தால் வந்த பலன் மாத்திரையின் பலனுக்குக் குறையவில்லை, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோதும் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. அப்படியென்றால் முதலில் பழக்கம்.

சரி, பழக்கத்தை மாற்ற நான் என்ன செய்தேன்? அச்சடித்த உணவு அட்டை ஒன்றைக் கொடுத்தேன். காலை 7 மணிக்கு இது, 11 மணிக்கு மோர், 1 மணிக்கு ஒரு கப் சோறு, இரவு 8 மணிக்குள் இரண்டு சப்பாத்தி. காலையில் அரை மணி நேரம் நடங்கள் என்றேன். சர்க்கரையைக் குறையுங்கள் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் “சரிங்க சிஸ்டர்” என்றார். பத்து நிமிடத்தில் முடிந்தது. அந்த அட்டையில் இருந்த நேரங்களில் ஒன்றுகூட அவருடைய இரவு வாரத்தில் கிடையாது, இதை நான் யோசிக்கவே இல்லை.

செப்டம்பரும் அக்டோபரும்

செப்டம்பரில் மாத்திரை வாங்க வந்தார். எடை அதே. அக்டோபரில் வரவில்லை. போன் செய்தால் மனைவி எடுத்தார், “தூங்குறாருங்க சிஸ்டர்” என்றார். மூன்று முறை அப்படியே. நான் அதைத் தட்டிக் கழிப்பதாக நினைத்தேன், பதிவேட்டில் ‘ஒத்துழைப்பு குறைவு’ என்று எழுதியும் வைத்தேன். அந்த இரண்டு சொல்லை எழுதியதற்கு இன்றும் வருத்தப்படுகிறேன். நாங்கள் எல்லோரும் சர்வசாதாரணமாக எழுதுகிற சொல் அது, எழுதிவிட்டால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது.

அக்டோபர் கடைசியில் தன்னார்வலர் அக்கா வந்து, “மாத்திரை சாப்பிடறதில்லையாமா, கால் வீங்குதுன்னு நிறுத்திட்டாராம்” என்றார். அன்று மாலையே இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம்.

வீட்டில் தெரிந்தது

கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. அழுத்தினால் குழி விழுந்தது. அம்லோடிபினுக்கு இது தெரிந்த பக்கவிளைவு. 12 மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவருக்கு இன்னும் சீக்கிரம் தெரியும். இப்படி ஆகலாம், ஆனால் வந்து சொல்லுங்கள், வேறு மாத்திரை இருக்கிறது என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் கிட்னி போய்விட்டது என்று பயந்துவிட்டார், அப்பாவுக்குக் கடைசியில் கால் வீங்கியது அவருக்கு ஞாபகம். டாக்டர் கிரியாட்டினின் (கிட்னி சரியாக இருக்கிறதா என்று காட்டும் ரத்தச் சோதனை) பார்த்துவிட்டு, அது சரியாக இருந்ததால் டெல்மிசார்டன் 40 மி.கி.க்கு மாற்றினார். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது.

அன்று வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். அட்டை எதுவும் எடுத்துப் போகவில்லை. “அண்ணா, நேத்து காலைல எந்திரிச்சதுல இருந்து இன்னிக்கு இப்ப வரைக்கும் என்னென்ன பண்ணினீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க” என்று மட்டும் கேட்டேன். அது இரவு வாரம்.

காலை 8 மணிக்குப் பட்டறையிலிருந்து வருகிறார். வழியில் கடையில் டீ, இரண்டு வடை. வீட்டில் 9 மணிக்கு இட்லி ஐந்தோ ஆறோ. குளிப்பது, தண்ணீர் பிடிப்பது, ரேஷன் கடை, பையன் பள்ளியில் ஏதாவது. 11 மணிக்குப் படுக்கிறார். வீடு சிமெண்ட் ஷீட் கூரை, சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவரின் பட்டறை. வெயிலும் சத்தமும். 2 மணிக்கு மேல் படுக்க முடியாது, வேர்த்துப்போய் எழுந்துவிடுகிறார். மூன்று மணி நேரம், நல்ல நாளில் மூன்றரை. 3 மணிக்குச் சோறு, தட்டு நிறைய, இரண்டாவது முறையும். அப்புறம் இரவு 8 மணிக்குத் தறி.

பட்டறையில் டீ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். இரவில் எட்டு, ஒன்பது கிளாஸ். நள்ளிரவு 1 மணிக்குப் பரோட்டா, இல்லையென்றால் தட்டுவடை செட். கண் சொக்கும்போது கீழ் உதட்டுக்குள் புகையிலை.

“புகையிலை எதுக்குண்ணா?”

“தூக்கம் வந்துரும்ங்க சிஸ்டர். நாடா ஓடிட்டே இருக்கும்போது கண்ணு மூடிட்டா நூலு அறுந்தது தெரியாது, துணி போச்சு, கூலிய புடிச்சுருவாங்க. கை போனவங்களையும் பாத்திருக்கேன்.”

இந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. டீ, சர்க்கரை, பரோட்டா, புகையிலை என்று நான் நான்கு கெட்ட பழக்கங்களாக எண்ணிக்கொண்டிருந்தது நான்கும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன, மூன்று மணி நேரம் தூங்கிய மனிதரை 12 மணி நேரம் விழித்திருக்க வைத்தன.

டார்ச் அடித்து வாயைப் பார்த்தேன். கீழ் உதட்டின் உள்பக்கம், புகையிலை ஒதுக்கும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளைத் திட்டு. சுருக்கம் விழுந்திருந்தது, வலி இல்லை. அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். ஒரு நாள் கூலி போகும் என்று அவர் அதற்குப் போனது ஜனவரியில்தான்.

டீ கேன்

சர்க்கரையைக் குறையுங்கள் என்று அவரிடம் சொன்னது ஏன் நடக்கவில்லை என்று பட்டறைக்குப் போன பிறகு தெரிந்தது. டீ கடையிலிருந்து பெரிய கேனில், சர்க்கரை கலந்தே வருகிறது. குறைக்க அவர் கையில் எதுவும் இல்லை. டீ மாஸ்டரிடம் கேட்டு ஒரு கிளாஸுக்கு எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்த்தோம், ஏறத்தாழ 11 கிராம் வந்தது. ஒன்பது கிளாஸ் என்றால் 100 கிராம், டீயில் மட்டும். நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள், முடிந்தால் 25க்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. டீ சர்க்கரையில் மட்டும் 400 கலோரி, அதுவும் உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைந்திருக்கும் நடு இரவில்.

டீக்கடைக்காரர் முதலில், “ஒருத்தருக்காகத் தனியா போட முடியாதுங்க” என்றார். நியாயம்தான். ஆனால் ஆகஸ்டில் அதே பட்டறையில் பிபியோ சுகரோ கூடுதலாக இருந்தவர்கள் வேறு ஆறு பேர் இருந்தார்கள். தன்னார்வலர் அக்கா அந்த ஆறு பேரிடமும் பேசி, எல்லோருமாகப் போய்க் கேட்டபோது சின்ன கேன் ஒன்றில் சர்க்கரை போடாத டீயும், தனி டப்பாவில் சர்க்கரையும் அனுப்ப ஒத்துக்கொண்டார். இவர் ஒரு கிளாஸுக்கு அரை ஸ்பூன் என்று வைத்துக்கொண்டார். இந்த ஒரு மாற்றம் இன்று வரை நிற்கிறது. நாங்கள் செய்ததிலேயே அதிகம் நின்றது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், காரணம் இதை அவர் தினமும் நினைவில் வைத்துப் போராட வேண்டியதில்லை.

நடையைப் பற்றியும் அப்போதுதான் தெளிவு வந்தது. “நாள் பூரா தறிக்குத் தறி நடந்துட்டுத்தானுங்க இருக்கேன், இதுக்கு மேல எங்கிங்க நடக்கறது” என்று கேட்டார். போனை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஒரு ஷிப்டில் எண்ணிப் பார்த்தால் பத்தாயிரம் அடிக்கு மேல் இருந்தது. மேலே சொன்ன சென்னை ஆய்விலும் ஏற்கெனவே உடலுழைப்பு இருப்பவர்களிடம் அதையே தொடரத்தான் சொன்னார்கள். காலை நடையை அட்டையிலிருந்து அடித்துவிட்டேன்.

நவம்பர், டிசம்பர், ஜனவரி

டீ மாறியது, பிபி மாத்திரை சரியாகப் போனது. அதற்குள் பொங்கல் வேட்டி சேலை ஆர்டர் வேகம் பிடித்தது. எங்கள் பக்கம் அந்த மாதங்களில் தறி நிற்காது, ஆள் வராத ஷிப்டையும் சேர்த்து ஓட்டச் சொல்வார்கள், கூலியும் சேர்த்துக் கிடைக்கும், முன்பணமும் கழியும். இவர் டிசம்பரில் பல நாட்கள் ஒன்றரை ஷிப்ட் பார்த்தார். தூக்கம் இன்னும் குறைந்தது. புகையிலை இரண்டு பொட்டலத்திலிருந்து நான்கு ஆனது.

2024 ஜனவரி கடைசியில் ஹெச்பிஏ1சி 6.4. எடை 75.5. பிபி மட்டும் 138/88.

அவர் முகம் விழுந்துவிட்டது. டீயில் சர்க்கரையைக் குறைத்தும் ஏன் ஏறியது என்று கேட்டார். அன்று டாக்டர் அவரை உட்கார வைத்துப் பேசியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். 1999இல் சிகாகோவில் நல்ல ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தபோது அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் விதமே குறைந்துபோனது, “நீங்க 24 வருஷமா அப்படித்தான் தூங்குறீங்க” என்றார்.

மெட்ஃபார்மின் தொடங்கலாமா என்ற கேள்வி வந்தது. வயது, எடை, அப்பாவின் வரலாறு, ஏறும் எண், எல்லாம் அதற்குச் சாதகமாக இருந்தன. நான் தொடங்கிவிடலாம் என்றே நினைத்தேன். டாக்டர் இரண்டையும் விளக்கிவிட்டு அவரிடமே கேட்டார். “மூணு மாசம் குடுங்க மேடம், தூக்கத்தைச் சரி பண்ணிப் பாக்கறேன்” என்றார். ஒரு எல்லை வைத்துக்கொண்டோம். ஏப்ரலில் 6.5 தொட்டாலோ, ஏறுமுகமாகவே இருந்தாலோ மாத்திரை, பேச்சு கிடையாது. எல்லை வைக்காமல் ‘பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவதில் எங்களில் யாருக்கும் உடன்பாடு இல்லை.

அதே வாரம் பல் பிரிவுக்கும் போய் வந்தார். புகையிலையை அடியோடு நிறுத்துங்கள், ஆறு வாரத்தில் திட்டு குறையவில்லை என்றால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். 6.4 என்ற எண் செய்யாததை அந்தத் திட்டு செய்தது. தினமும் காலையில் கண்ணாடியில் உதட்டை மடித்துப் பார்ப்பாராம். புகையிலை நிறுத்த உதவும் தேசிய இலவச எண் 1800112356இல் மனைவிதான் கூப்பிட்டுக் கொடுத்தார்.

ஷிப்டையும் தூக்கத்தையும் மாற்றியது

ஷிப்ட் நாங்கள் எழுதிக் கொடுத்து மாறுகிற விஷயம் இல்லை. உரிமையாளரிடம் நானும் தன்னார்வலர் அக்காவும் போய்ப் பேசினோம். இவர் ஒருவருக்குப் பகல் கொடுத்தால் மற்றவர்கள் கேட்பார்கள் என்றார். அப்புறம் வழியை எங்கள் தறிக்காரரேதான் கண்டுபிடித்தார். இன்னொரு தறிக்காரருக்கு ஒன்றரை ஏக்கர் பண்ணையம் இருக்கிறது, பகலில் தோட்டத்தில் நிற்க வேண்டும், அவருக்கு இரவுதான் வசதி. இருவரும் பேசி, இவர் மூன்று வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று பிப்ரவரியிலிருந்து மாற்றிக்கொண்டார்கள். அப்படி ஒருவர் இருந்தது அதிர்ஷ்டம். அதை மறைத்து, ஏதோ எங்கள் திட்டத்தால் நடந்தது போல எழுத எனக்கு மனமில்லை.

இரவு வாரத்துக்குத் தனி ஏற்பாடு. இரண்டு தெரு தள்ளி மாமியார் வீடு, காங்கிரீட் கூரை, பக்கத்தில் தறி இல்லை. காலை வந்ததும் அங்கேயே இரண்டு இட்லி, முட்டை சாப்பிட்டுவிட்டு எட்டரை, ஒன்பதுக்குள் படுத்துவிடுவது. ஜன்னலுக்கு அழுத்தமான துணி. போன் மனைவியிடம். ரேஷன், பள்ளி எல்லாம் மாலைக்குத் தள்ளியாயிற்று, முடியாததை மனைவியும் மூத்த பெண்ணும் பார்த்தார்கள். இரவு 3 மணிக்குப் பிறகு டீ கிடையாது. ஆறு மணி நேரம் தூங்க ஆரம்பித்தார்.

சாப்பாட்டில் ராகியா அரிசியா என்ற பேச்சையே விட்டுவிட்டோம். சுகர் என்றதும் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கும் களிக்கும் மாறுவது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது, ஆனால் மூன்று உருண்டை களி சாப்பிட்டால் அதுவும் மாவுச்சத்துதான். அளவைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு வைக்க வேண்டும். வீட்டில் வழக்கமாகச் செய்கிற கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், கீரை, நிலக்கடலை இவற்றைக் கூட்டி, சோற்றை இரண்டாவது முறை வாங்குவதை நிறுத்தினார். இரவு வாரத்தில் பெரிய சாப்பாட்டை ஷிப்டுக்கு முன்னால் 7 மணிக்கு முடித்துவிட்டு, நடுவில் பசித்தால் வீட்டிலிருந்து கொண்டுபோன சுண்டல். பரோட்டா வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு, பிள்ளைகளோடு.

மனைவியின் எண்

பிப்ரவரியில் மனைவியையும் சோதித்தோம். ஹெச்பிஏ1சி 6.3. இவருக்கும் அதே கதை என்று நான் அட்டையை எடுத்துவிட்டேன். டாக்டர் ரத்த அளவைப் பார்க்கச் சொன்னார், ஹீமோகுளோபின் 8.4. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். குளுக்கோஸ் குடித்துப் பார்த்ததில் வெறும் வயிற்றில் 94, இரண்டு மணி நேரம் கழித்து 128, சுகர் பிரச்சினையே இல்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சமிருப்பதைச் சாப்பிட்டு, சாப்பாட்டோடு டீயும் குடித்து வந்தவர், மாதவிலக்கில் போக்கும் அதிகம். அதற்கு மருத்துவமனையில் காட்டச் சொல்லி அனுப்பினோம். இரும்பு மாத்திரை, டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைப்பது, அவருக்கும் ஒரு முட்டை. ஐந்து மாதத்தில் ஹீமோகுளோபின் 11.6, ஹெச்பிஏ1சி 5.6. அந்த முதல் எண்ணை நம்பி அவருக்குச் சோற்றைக் குறைக்கச் சொல்லியிருந்தால் இன்னும் சோர்ந்து போயிருப்பார்.

பின்னால் நடந்தது

மார்ச் நடுவில் பல் பிரிவில் மறுபடி பார்த்தார்கள். திட்டு கிட்டத்தட்ட மறைந்திருந்தது, சதை எடுக்கத் தேவைப்படவில்லை. ஏப்ரலில் ஹெச்பிஏ1சி 6.1, எடை 72.5. மெட்ஃபார்மின் பேச்சு தள்ளிப்போனது. மே மாத வெயிலில் இரவு வாரத்தில் மாமியார் வீட்டிலும் தூங்க முடியவில்லை, மீண்டும் புகையிலை வாங்கிவிட்டார். நான்கு நாள். ஐந்தாம் நாள் அவரே வந்து சொன்னார், எங்களில் யாரும் திட்டவில்லை. ஆகஸ்டில் 5.8, எடை 69.5, இடுப்பு 91, பிபி 130/82. நவம்பரில் 5.9. எடை 70. பண்ணையக்காரர் அறுவடைக்கு ஆள் கிடைக்காமல் ஒரு மாதம் பகல் இரவு இரண்டிலும் வர முடியாமல் போக, இவர் பழையபடி வாரம் மாற்றி வாரம் இரவு பார்க்க வேண்டி வந்தது. எண் சற்று ஏறியது அந்தச் சமயத்தில்தான்.

5.9 என்றால் இன்னும் முந்தைய நிலைதான், 5.7க்குக் கீழே வரவில்லை. பிபி மாத்திரையும் தொடர்கிறது, அதைப் பழக்க மாற்றத்தை நம்பி நிறுத்தச் சொல்லவில்லை. பலரும் எங்களிடம் கேட்பது ‘எப்போது மாத்திரையை நிறுத்தலாம்’ என்பதுதான். இவர் கேட்கவில்லை.

மறுபடி இப்படி ஒருவர் வந்தால்

முதல் நாளே தூக்கத்தைக் கேட்பேன். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எங்கே, எந்தக் கூரைக்குக் கீழே, யார் எழுப்புகிறார்கள். குறட்டையையும் ஒழுங்காகக் கேட்டிருக்க வேண்டும். மனைவியிடம் போகிற போக்கில் கேட்டு, மூச்சு நிற்பதில்லை என்றதும் விட்டுவிட்டேன். கழுத்துச் சுற்றளவு எடுத்து, பகலில் தானாகக் கண் அயர்வது உண்டா என்று பட்டியல் வைத்துக் கேட்பது ஐந்து நிமிட வேலை.

30 வயதுக்கு மேல் யார் வந்தாலும் பிபி பார்க்கும்போதே வாயையும் டார்ச் அடித்துப் பார்ப்பது இப்போது எங்கள் நிலையத்தில் வழக்கமாகிவிட்டது. புதிதாக பிபி மாத்திரை கொடுக்கும்போது கால் வீக்கம், இருமல், தலைசுற்றல் என்று அந்தந்த மாத்திரைக்கு எது வருமோ அதைச் சொல்லி, வந்தால் நிறுத்தாமல் எங்களுக்குப் போன் செய்யச் சொல்கிறோம்.

அச்சடித்த உணவு அட்டையை நான் தூக்கிப்போடவில்லை, சிலருக்கு அது உதவுகிறது. ஆனால் நேரம் போட்ட பகுதியை வெட்டிவிட்டேன். பட்டறை, ஸ்பின்னிங் மில், சாயப்பட்டறை ஆட்களுக்கு நேற்றைய 24 மணி நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே பேசுகிறேன், ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகிறது. வெளியே வரிசை நிற்கும் நாட்களில் இது முடிவதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் தன்னார்வலர் அக்காவிடம் எழுதிக் கொடுத்து வீட்டில் கேட்கச் சொல்கிறேன். என்னிடம் சொல்வதைவிட அவரிடம்தான் நன்றாகச் சொல்கிறார்கள்.

சின்ன கேன் டீ இப்போது பக்கத்துப் பட்டறைக்கும் போகிறது. ஷிப்ட் விஷயத்தில் வேறு எந்தப் பட்டறையிலும் எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை, 12 மணி நேரம் 12 மணி நேரமாகவே இருக்கிறது. இவருடைய அடுத்த ஹெச்பிஏ1சி பிப்ரவரியில். பதிவேட்டில் ‘ஒத்துழைப்பு’ என்றிருந்த கட்டத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் வரும் நாளன்று அவருக்குப் பகல் வாரமா இரவு வாரமா என்று எழுதிக்கொள்கிறேன். இரவு வாரம் என்றால் காலை 8 மணிக்கே, பட்டறையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் ரத்தம் எடுத்துவிட்டு அனுப்பிவிடுவோம், தூங்கப் போக வேண்டும்.